வெள்ளி முகமூடி

புகழ் வேண்டும் என்று புறப்படுகிறவன் முதலில் என்ன செய்கிறான்? முகத்தைக் காட்டுகிறான். போட்டோ பிடித்துக் கொள்கிறான். நாலு பேர் கூடுகிற இடத்தில் முன் வரிசையாகப் பார்த்து உட்காருகிறான். "அதோ, அவர்தான்!" என்று யாராவது விரலை நீட்ட மாட்டார்களா என்று அவன் மனசு அடித்துக் கொள்கிறது.

மெக்ஸிகோ தேசத்துப் பயில்வான் ஒருவர் இதற்கு நேர் எதிராக நடந்தார். 1942-ல் முகத்தை மூடிக் கொண்டார். 1984 வரையில் ஊருக்கு முன்னால் அதைத் திறக்கவில்லை. இடைப்பட்ட அந்த 41 வருஷத்தில் மெக்ஸிகோவில் அவரை அறியாத குழந்தை இல்லை. ஆனால் வீட்டாரையும், கூடத் தொழில் செய்த சிலரையும் தவிர, அவர் முகத்தை அறிந்தவர்களும் இல்லை. முகமூடியில்லாமல் அவர் கடைத்தெருவில் நடந்து போயிருந்தால், இடித்துக் கொண்டு போகிறவன் "பார்த்துப் போமய்யா!" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டுத்தான் போயிருப்பான்.

எல் ஸான்டோ என்பது அவர் வைத்துக் கொண்ட பெயர். ஸ்பானிஷ் பாஷையில் 'ஸான்டோ' என்றால் மகான். குஸ்தி போடுகிற மகான்! வேடிக்கையாக இருக்கிறதல்லவா? வேடிக்கை அதோடு நிற்கவில்லை. கேளுங்கள்.

* * *

அவர் கதைக்கு முன்னால் அந்த ஊர்க் குஸ்தியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ஸால்வடார் லுத்தெரோத் என்று ஒருவர். மெக்ஸிகோ சர்க்காரின் நிதி இலாகாவில் உத்தியோகம். 1929-ல் அமெரிக்க எல்லையோரத்தில் வேலையாக இருந்தபோது, அந்தப் பக்கம் எல் பாஸோ நகருக்குப் போய் ஒரு குஸ்திப் போட்டியைப் பார்த்தார். பார்த்ததிலிருந்து அதே நினைவு! 1933 செப்டம்பரில் மெக்ஸிகோ நகரில் தாமே ஒரு குஸ்திக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். பெயர் கொஞ்சம் மாறி, அந்தக் கம்பெனி இன்றைக்கும் நடந்து கொண்டிருக்கிறது.

இந்தக் குஸ்திக்கு அவர்கள் 'லூச்சா லீப்ரே' என்பார்கள். கட்டுத்திட்டம் இல்லாத மல்யுத்தம் என்று அர்த்தம். மூன்று சுற்று நடக்கும். இரண்டில் ஜெயித்தவருக்கு வெற்றி. பயில்வான்களில் இரண்டு ரகம். முறை தவறாமல் சண்டை போடுகிறவர் 'தெக்னிகோ'. மத்தியஸ்தர் அந்தப் பக்கம் திரும்பின சமயம் பார்த்து அடிவயிற்றில் உதைக்கிறவர், விழுந்தவனை மறுபடி மிதிக்கிறவர் 'ரூடோ', அதாவது முரடர். கொட்டகையில் எல்லாரும் நல்லவருக்காகவே கத்துவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முரடருக்கென்றே ஒரு ரசிகர் பட்டாளம் உண்டு.

முகமூடி எப்படி வந்தது என்பது இன்னும் ருசியான கதை. கம்பெனி ஆரம்பித்த புதிதில் ஸிக்லோன் மக்கே என்ற பயில்வானுக்கு முகத்தை மறைத்துக் கொண்டு சண்டை போட வேண்டும் என்று ஆசை வந்தது. இந்த மாதிரி சாமான் யாரிடம் கிடைக்கும்? தையற்காரரிடம் போகவில்லை. அந்தோனியோ மார்த்தீனெஸ் என்ற பூட்ஸ் தைக்கும் தொழிலாளியிடம் போனார்கள். அவர் என்ன செய்தார்? பூட்ஸுக்குக் காலை அளப்பது போலத் தலையை அளந்தார். ஆட்டுத் தோலை வெட்டித் தைத்தார். பின்னந்தலையில் பூட்ஸுக்குப் போடுகிற மாதிரியே கயிறு கோத்து இறுக்கிக் கட்ட ஏற்பாடு செய்தார். தோல் போய்ப் பளபளக்கும் துணி வந்துவிட்டது. ஆனாலும் மெக்ஸிகோ முகமூடிகளின் பின்புறத்தைப் பார்த்தால் இன்றும் பூட்ஸ் ஞாபகம்தான் வரும். செருப்புத் தைக்கிற கைதான் ஒரு தேசத்துக்கே முகம் தைத்துக் கொடுத்தது.

* * *

இனி நம் மகானிடம் வருவோம்.

பெற்றோர் இட்ட பெயர் ரொடால்ஃபோ குஸ்மான் உவெர்த்தா. 1917 செப்டம்பர் 23-ந் தேதி, துலான்ஸிங்கோ என்ற ஊரில் பிறந்தார். ஏழு குழந்தைகளில் ஐந்தாவது. பிழைப்புத் தேடிக் குடும்பம் தலைநகருக்கு வந்து, தெப்பீத்தோ என்ற பேட்டையில் குடியேறியது. தெருச் சந்தைக்கும், குத்துச் சண்டைக்காரர்களுக்கும் பெயர் போன ஏழைகள் பேட்டை அது. பையன் வளர்ந்து, காலுறை நெய்யும் ஆலையில் வேலைக்குப் போனான். பகலெல்லாம் ஆலை; ஒழிந்த நேரத்தில் குஸ்திப் பழக்கம். 1930-களின் நடுவில் கோதாவில் இறங்கிவிட்டான்.

இறங்கினால் போதுமா? பெயர் எடுக்க வேண்டாமா? ரூடி குஸ்மான் என்று சொந்தப் பெயரைச் சுருக்கி வைத்துப் பார்த்தார். பிறகு 'சிவப்பு மனிதன்' ஆனார். அதற்கப்புறம் 'கறுப்புப் பிசாசு'. ஒன்றும் எடுபடவில்லை. ஜனங்கள் மனசில் எதுவும் ஒட்டவில்லை.

கடைசியில் 'இரண்டாம் வௌவால்' என்று கிளம்பினார். இதில் வம்பு வந்தது. அந்த நாளில் வெலாஸ்கெஸ் என்று பிரபலமான பயில்வான் ஒருவர் இருந்தார். 'வௌவால்' என்பதுதான் அவர் பட்டப்பெயர். பையில் உயிருள்ள வௌவால்களைக் கொண்டு வந்து கோதாவில் பறக்கவிடுவாராம்! அப்படிப்பட்டவர் தம் பெயரை இன்னொருவர் வைத்துக் கொள்வதைப் பொறுப்பாரா? குஸ்தி விவகாரங்களைக் கவனிக்கும் கமிஷனிடம் புகார் செய்தார். கமிஷன் வெலாஸ்கெஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் ஆசாமிக்கு இருந்த இரவல் பெயரும் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். வயசு இருபத்தைந்தை நெருங்குகிறது. ஏழெட்டு வருஷமாக உதை வாங்கியும் கொடுத்தும் பார்த்தாயிற்று. கைவசம் ஒரு பெயர் கூட இல்லை.

அந்தச் சமயத்தில் ஹெஸூஸ் லொமேலி என்பவர் வெள்ளி உடை உடுத்தின பயில்வான் கோஷ்டி ஒன்று சேர்க்க நினைத்தார். மூன்று பெயர் சொல்லி, பிடித்ததை எடுத்துக் கொள்ளச் சொன்னார். மகான், பிசாசு, தேவதூதன். பிசாசாக ஏற்கனவே இருந்து பார்த்தாகிவிட்டது. 'மகான்' என்பதை எடுத்துக் கொண்டார். 1942 ஜூலை 26-ந் தேதி, மெக்ஸிகோ நகரில், வெள்ளி முகமூடியும் வெள்ளி மேலங்கியுமாக எல் ஸான்டோ கோதாவில் ஏறினார்.

ஆளும் அதே ஆள், கையும் அதே கைதான். ஆனால் இந்தத் தடவை ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

* * *

மகான் என்று பெயர் வைத்துக் கொண்டவர் சாதுவாகச் சண்டை போட்டாரா என்றால், அதுதான் இல்லை! பெயருக்கும் செய்கைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அசல் ரூடோ. மகான் முகமூடிக்குள்ளிருந்து போக்கிரித்தனம் புறப்பட்டபோது ஜனங்களுக்கு ஒரே உற்சாகம். திட்டினார்கள், திட்டுவதற்காகவே மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள். 1943-ல் வெல்டர் எடைப் பிரிவில் தேசியப் பட்டம் அவர் கைக்கு வந்தது. அதே வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி, 'அரேனா கொலிஸேயோ' என்ற பெரிய கொட்டகை திறந்தபோது, டார்ஸான் லோபெஸ் என்ற மகா வீரருடன் மோத இவரைத்தான் அழைத்தார்கள். தோற்றுப் போனார். அதனால் என்ன? திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்களே, அதுவே பெரிசு!

கோரி கெரெரோ என்ற பயில்வானோடு ஜோடி சேர்ந்து சண்டை போட்ட காலத்தில் இவர்களுக்கு 'அணு ஜோடி' என்று பெயர். குதிரைப் பிடி என்று ஒரு பிடி. எதிரியைக் குப்புறத் தள்ளி, முதுகின் மேல் சவாரி உட்கார்ந்து, தாடையை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுப்பது. கோரியிடமிருந்து ஸான்டோவுக்கு வந்த இந்தப் பிடியில் சிக்கினவன் "போதும், போதும்" என்று தரையைத் தட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால், பட்டம் என்பது இன்று வரும், நாளை போகும். முகமூடி அப்படி அல்ல. எதிரியின் முகமூடியை நடுவில் பிடுங்கினால் பிடுங்கினவருக்கே தோல்வி. இரண்டு பேரும் சம்மதித்துப் பந்தயம் கட்டினால்தான் அது கைமாறும். தோற்றவர் அத்தனை பேர் முன்னிலையிலும் முகமூடியைக் கழற்ற வேண்டும். அவர் சொந்தப் பெயர் ஊருக்குத் தெரிந்துவிடும். மறுபடி ஒரு நாளும் அந்த முகமூடியை அணிய முடியாது. ஒரு தடவை போனால் போனதுதான்.

1952 நவம்பர் 7-ந் தேதி அப்படி ஒரு பந்தயம் நடந்தது. எதிரி, கறுப்பு முகமூடி அணிந்த ப்ளாக் ஷாடோ, 'கறுப்பு நிழல்'. இரண்டு பேருமே அப்போது புகழின் உச்சியில் இருந்தவர்கள். கொலிஸேயோ கொட்டகை நிரம்பி வழிந்தது. முடிவில் ஸான்டோ ஜெயித்தார். கறுப்பு முகமூடி கழன்றது. அலெஹாந்த்ரோ க்ரூஸ் என்ற இளைஞரின் முகம் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. மெக்ஸிகோ குஸ்தியின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய இரவு இல்லை என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ப்ளாக் ஷாடோவும் லேசுப்பட்டவர் அல்ல. முகமூடி போன பிறகும் வெறும் முகத்தோடு பல வருஷம் கோதாவில் நின்று மதிப்போடு சண்டை போட்டார்.

ஸான்டோ அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பந்தயம் கட்டியிருக்கிறார். முகமூடியை மட்டும் ஒரு தடவை கூட இழக்கவில்லை.

ப்ளாக் ஷாடோவின் ஜோடியாக இருந்தவர் ப்ளூ டெமன், 'நீலப் பிசாசு'. கூட்டாளிக்கு நேர்ந்த அவமானத்துக்குப் பழி வாங்கப் புறப்பட்டார். 1953-ல் ஸான்டோவிடமிருந்த உலக வெல்டர் எடைப் பட்டத்தைப் பறித்தும்விட்டார். இங்கே ஒரு தமாஷைக் கவனியுங்கள். மகான் முரடர், பிசாசு நல்லவர்! இந்த இரண்டு பேரும் பிற்பாடு சினிமாவில் தோளோடு தோள் சேர்ந்து நடித்தார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் முகமூடியைப் பந்தயம் வைக்கவே இல்லை. வைத்திருந்தால் இரண்டில் ஒன்று போயிருக்கும்.

* * *

1950-களில் ஹோஸே க்ரூஸ் என்ற சித்திரக்காரர் ஸான்டோவைக் கதாநாயகனாக வைத்துப் படக்கதைப் பத்திரிகை தொடங்கினார். போட்டோவை வெட்டி ஒட்டி, சித்திரத்தோடு சேர்த்துத் தயாரித்த கதைகள். அதில் ஸான்டோ ஏழைகளின் ரட்சகர். பூதம் பிசாசுகளை ஓட்டுகிறவர். பகலில் படக்கதையில் உத்தமர். ராத்திரி கோதாவில் போக்கிரி. இந்த இரட்டை வேஷம் பல வருஷம் நடந்தது. அப்புறம் 1960-களின் ஆரம்பத்தில் கோதாவிலும் அவர் நல்லவர் கட்சிக்கு வந்து சேர்ந்தார். பெயர்தான் கடைசியில் ஆளை இழுத்துக் கொண்டது.

சினிமா அவரை லேசில் பிடிக்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் 'வெள்ளி முகமூடி மனிதன்' என்று ஒரு படம் எடுத்தார்கள். நடிக்க மாட்டேன் என்று ஸான்டோ மறுத்துவிட்டார். வேறொரு பயில்வானை வைத்து எடுத்து முடித்தார்கள். 1958-ல் பெர்னாண்டோ ஓஸேஸ் என்ற பயில்வான் நடிகர் வற்புறுத்தி அழைத்துப் போய், க்யூபாவில் இரண்டு படங்களில் நடிக்க வைத்தார். அங்கே சர்க்காரே கவிழப் போகிற சமயம் அது. பிறகு படங்கள் வந்தன, வந்தன, வந்து கொண்டே இருந்தன. மொத்தம் 50-க்கு மேல்.

கதையெல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. ரத்தக்காட்டேரிப் பெண்கள் வருவார்கள். அல்லது செவ்வாய்க் கிரகவாசிகள் வருவார்கள். அல்லது குவானாஹுவாத்தோ நகரத்து மம்மிகள் எழுந்து நடக்கும். போலீஸ் கையைப் பிசையும். ஸான்டோவுக்குச் சேதி போகும். அவர் கோட்டும் சூட்டும் போட்டு, முகமூடியோடு காரில் வந்து இறங்குவார். அதை யாரும் விசித்திரமாக நினைக்க மாட்டார்கள்! நடுவில் இரண்டு குஸ்தி. முடிவில் பிசாசு சாம்பல். செலவு சிக்கனம், படப்பிடிப்பு துரிதம், வசூல் அமோகம்.

இந்தப் படங்களில் ஒரு விசேஷம் உண்டு. பல படங்களில் அவருக்குக் குரல் கொடுத்தவர் வேறொருவர்! முகம்தான் தெரியாது என்றால் குரலும் இரவல். அப்படியானால் திரையில் அவருடையது என்று எது மிஞ்சியது? நடை, நிற்கிற நிலை, அந்த வெள்ளித் துணி. அவ்வளவுதான். ஜனங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது.

* * *

"இந்தச் சண்டையெல்லாம் நிஜம்தானா, சார்?" என்று கேட்கிறீர்களா? யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்டுதான் இந்தத் தொழில் நடக்கிறது. மெக்ஸிகோ ஜனங்கள் ஒன்றும் பச்சைக் குழந்தைகள் அல்ல. அவர்களுக்கும் இது தெரியும். துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதானே விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம்? ஆனால், கயிற்றின் மேலிருந்து பாய்கிறவன் விழுகிற தரை நிஜம். முறிகிற எலும்பு நிஜம். முகமூடி இழந்தவன் அதன் பிறகு வெறும் முகத்தோடுதான் பிழைக்க வேண்டும் என்பதும் நிஜம்.

எல்லாவற்றையும்விட நிஜம், ஸான்டோ கொடுத்த வாக்கு. கோதாவுக்கு வெளியே முகமூடியைக் காப்பாற்றுவதற்கு எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. அவரே அதைத் தம் விரதமாக எடுத்துக் கொண்டார். படப்பிடிப்பில் சாப்பிடுவதற்கென்று வாயும் தாடையும் திறந்த தனி முகமூடி வைத்திருந்தார். வெளிநாடு போகும்போது சுங்கச் சாவடியில் முகத்தைக் காட்டித்தானே ஆக வேண்டும்? அதற்காகப் படக் கோஷ்டி போகிற விமானத்தில் போகாமல் வேறு விமானத்தில் போவார். கூட வேலை செய்கிறவர்கள் கூடப் பார்த்துவிடக் கூடாதாம்!

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கூட்டம் மொய்க்காமல் சந்தைக்குப் போகலாம், அது லாபம். கைதட்டல் முழுதும் துணிக்குப் போய்ச் சேரும், துணிக்குள் வேர்வை வடிக்கிற மனிதருக்கு அல்ல, அது நஷ்டம். இந்தக் கணக்கை 41 வருஷம் முணுமுணுக்காமல் ஏற்றுக் கொண்டாரே, அதைத்தான் நான் பெரிசு என்கிறேன். அவரைவிட பலசாலிகள் இருந்தார்கள். அவரைத் தோற்கடித்தவர்கள் இருந்தார்கள். நின்றது என்னவோ அவர் பெயர்தான்.

* * *

1982 செப்டம்பர் 12-ந் தேதி கடைசிக் குஸ்தி போட்டார். வயசு 65 ஆகப் பதினோரு நாள் பாக்கி. பழைய அணு ஜோடி கோரி கெரெரோவும் அன்றைக்கு அவர் கட்சியில் நின்றார். அதே வருஷத்தில் ஸான்டோவின் கடைசி மகன், தகப்பனாரின் வெள்ளி முகமூடியை அணிந்து, 'ஸான்டோவின் மகன்' என்ற பெயரில் கோதாவில் இறங்கினார்.

1984 ஜனவரிக் கடைசியில் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி. பேசிக் கொண்டிருந்த ஸான்டோ, யாரும் எதிர்பாராமல் முகமூடியை மெல்ல மேலே தூக்கினார். முழுக்கக் கழற்றவில்லை. முகத்தின் பெரும் பகுதி தெரிகிற அளவுக்கு மட்டும் தூக்கி, மறுபடி இறக்கிவிட்டார். தேசம் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்தது. ஏன் அப்படிச் செய்தார்? அவருக்கே வெளிச்சம்.

சில நாள்தான் சென்றன. பிப்ரவரி 5-ந் தேதி மெக்ஸிகோ நகரில் ஒரு நாடகக் கொட்டகையில் நிகழ்ச்சியை முடித்துக் கொண்டு வந்தவர், மாரடைப்பினால் காலமானார். விரதத்தை முறித்ததால்தான் உயிர் போயிற்று என்று பேசிக் கொண்டவர்கள் உண்டு. வயசு அறுபத்தாறு, வாழ்நாளெல்லாம் அடி வாங்கின உடம்பு. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அவர் விருப்பப்படி வெள்ளி முகமூடியோடேயே அடக்கம் செய்தார்கள். வழியனுப்ப ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள்.

* * *

கதை இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

1985 செப்டம்பர் 19-ந் தேதி மெக்ஸிகோ நகரத்தில் பெரிய பூகம்பம். ஆயிரக்கணக்கில் உயிர்ச் சேதம். வீடிழந்தவர்கள் தெருவில் நின்றார்கள். இருந்த வீடுகளிலிருந்தும் ஏழைக் குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொல்லித் தொந்தரவு. 1987-ல் ஒரு மனிதர் சிவப்பும் மஞ்சளுமாக முகமூடி, மேலங்கி எல்லாம் அணிந்து தெருவுக்கு வந்தார். 'சூப்பர் பாரியோ' என்று பெயர். பாரியோ என்றால் பேட்டை. எந்தக் குடித்தனத்தைக் காலி செய்ய ஆள் வந்தாலும் ஜனங்களோடு போய் வாசலை மறித்து நின்றார். அதிகாரிகளின் அறைக்குள் முகமூடியோடேயே போய் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தினார். முகம் தெரிந்தால் ஓர் ஆளை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம். முகமே இல்லாத ஆளை என்ன செய்வது? ஸான்டோ கோதாவில் கற்றுக் கொடுத்த பாடத்தைப் பேட்டைக்காரர்கள் தெருவில் பயன்படுத்திக் கொண்டார்கள்.

2018-ல் மெக்ஸிகோ நகரம் லூச்சா லீப்ரே குஸ்தியைத் தன் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது. துலான்ஸிங்கோவில் ஸான்டோவுக்குச் சிலை இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. சிலைக்கும் முகமூடிதான்! ஊர்க்காரர் முகத்தை ஊர்க்காரர்களே மூடித்தான் வைத்திருக்கிறார்கள்.

குஸ்திக் கொட்டகை வாசலில் இன்றும் வெள்ளி முகமூடி விற்கிறார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக் கொண்டு போகிற பயல் ஒன்று வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கும். வாங்கி மாட்டிவிட்டால், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாலும் கழற்றாது. தாடை திறந்த முகமூடி வேறு இருக்கிறது என்பது பாவம் அதன் அம்மாவுக்குத் தெரியாது!